டெண்டரில் ஒரு பத்தி சேருங்கள்: அரசுக் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மின்விசிறி, மடிக்கணினி, பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் திரை, ஊராட்சிக்குத் தெருவிளக்கு என்று தமிழ்நாடு அரசுக்காக மொத்தமாக வாங்கும் துறைகளிலும் கழகங்களிலும் டெண்டர் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு இந்த மடல். அமைச்சருக்கோ கலெக்டருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்கப்போவதற்குச் சட்டமன்றத்தில் மசோதா வேண்டாம், தனியாக நிதி வேண்டாம், விழாவும் வேண்டாம். நீங்கள் தயாரிக்கும் விவரக்குறிப்பில் ஒரு பத்தி கூடினால் போதும். அரசு வாங்குகிற ஒவ்வொரு மின்சாதனத்துக்கும் அதன் சர்க்யூட் வரைபடத்தையும் உதிரிபாகப் பட்டியலையும் கம்பெனி பொதுவில் வெளியிட வேண்டும் என்கிற பத்தி.

நான் ரிப்பேர் கடைக்காரன் இல்லை. பாலக்கோட்டில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் வீடு திரும்பிச் சாப்பிட்டதும், மாடிப்படிக்குக் கீழே போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து, கெட்டுப்போன சாமான்களைக் கழற்றிப் பார்ப்பது பல வருடப் பழக்கம். கூலி வாங்குவதில்லை. ஸ்பேருக்கு ஆன காசை மட்டும் வாங்கிக்கொள்வேன். விலை விழுந்த சீசனில் அதுவும் தக்காளியாகத்தான் வரும். என்னைப் போன்ற ஆட்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐடிஐ முடித்துவிட்டு வேறு பிழைப்புக்குப் போனவர், ஒரு காலத்தில் மைக்செட் வைத்திருந்தவர், ரிட்டயர்டு லைன்மேன், யூடியூப் பார்த்தே சால்டரிங் பழகிய கல்லூரிப் பையன். அவரவர் தெருவில் ஃபேன் நின்றால் முதலில் கதவைத் தட்டுவது இவர்கள் வீட்டில்தான்.

இந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டதில் அரசுக்கே பெரிய பங்கு உண்டு. 2006 செப்டம்பரில் தொடங்கி வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மேசை மின்விசிறி வந்தன. அதே ஆண்டு மாணவர்களுக்கு மடிக்கணினியும் தொடங்கியது. ஒரே மாதிரியான சாமான் லட்சக்கணக்கான வீடுகளில் இருந்தால் என்ன நடக்கும் என்று சென்னையில் யாராவது யோசித்தார்களா தெரியாது, ஆனால் இங்கே நடந்தது நல்ல விஷயம். ஒரு மேசை ஃபேனைக் கழற்றிப் பழகியவனுக்கு ஊரிலுள்ள எல்லா மேசை ஃபேனும் பழக்கமாகிவிட்டது. ஒரு வீட்டில் மோட்டார் எரிந்த மிக்சியிலிருந்து கப்ளரும் சுவிட்சும் இன்னொரு வீட்டு மிக்சிக்குப் போயின.

இன்றைக்கும் அவை என் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கொண்டுவருவார்கள். "அண்ணா, கவர்மெண்டு மிக்சிதான், பாக்க முடிஞ்சா பாருங்க" என்பார் பக்கத்துத் தெருப் பெண். எனக்கோ அதைப் பார்த்தாலே நிம்மதி. அடியிலிருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டன் வெளியே தள்ளியிருக்கும், அதை அமுக்கினால் பாதி மிக்சிகள் ஓடிவிடும். ஓடாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிரஷ் பக்கத்தில் நீலப் பொறி அதிகமாகப் பறந்தால் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். காரிமங்கலத்திலோ தருமபுரி பஸ் நிலையம் பக்கத்திலோ ஏதாவது ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் பிரஷ் கிடைக்கும், டீ வடை செலவுதான் ஆகும்.

மேசை ஃபேன் இன்னும் எளிது. இறக்கை மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்றால் ஒன்று புஷ்ஷில் எண்ணெய் காய்ந்திருக்கும், இல்லையென்றால் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். கப்பாசிட்டரின் உடம்பிலேயே எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருக்கும். சாதாரண சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 2.5 காட்ட வேண்டியது 1.6 காட்டும். மாற்றினால் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிடும். இதில் என் திறமை என்று எதுவுமில்லை. என்ன மதிப்பு இருக்க வேண்டும் என்பதை அந்தச் சாமானே எழுதிவைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் உங்களிடம் கேட்பதும் அதேதான்: என்ன மதிப்பு இருக்க வேண்டும் என்று எங்காவது எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஏனென்றால் இப்போது வருகிற சாமான்கள் வேறு ரகம். சமீபத்தில் காரிமங்கலம் பக்கத்து உறவினர் ஒருவர் இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டுவந்தார். மகளுக்குச் சீர்வரிசையில் வைத்தது, கம்பெனி பெயர் எதற்கு, எல்லாக் கம்பெனியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். கோடை மழை இடியோடு பெய்த ராத்திரி 'டப்' என்று சத்தம் வந்து அடங்கிவிட்டதாம். சர்வீஸ் சென்டரில் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு விலை சொன்னார்கள். அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது அடுப்பே வந்துவிடும்.

பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஃபியூஸ் போயிருந்தது. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஷார்ட். பெரிய ஹீட் சிங்க்கில் முடுக்கியிருக்கும் ஐஜிபிடியும், அதாவது காயிலுக்குப் போகும் கரண்ட்டை வேகமாகத் திறந்து மூடும் பாகமும், ஷார்ட். இண்டக்‌ஷன் அடுப்பில் இந்த மூன்றும் கூட்டாகத்தான் சாகும், அதில் புதுமை இல்லை. 20 ஆம்பியர், 1200 வோல்ட் ஐஜிபிடி இப்போது தருமபுரியிலேயே கிடைக்கிறது. மூன்றையும் மாற்றினேன். மாற்றியதும் நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சுவிட்ச் போட்டால் புது ஐஜிபிடியும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். அதற்குத்தான் சீரிஸ் போர்டு: ஒரு 100 வாட் குண்டு பல்பை வரிசையில் போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பது. உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து அடுப்பைக் காப்பாற்றும். ஷார்ட் இல்லையென்றால் ஒரு தரம் மின்னி மங்கிவிடும். (அந்தக் குண்டு பல்பு இப்போது கடையில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. என்னிடம் இருப்பதை நகை மாதிரி பாதுகாக்கிறேன்.)

பல்பு மின்னி மங்கியது. ஆனால் அடுப்பின் டிஸ்ப்ளே வரவில்லை. மெயின் மின்சாரத்திலிருந்து 18 வோல்ட் தயாரிக்கும் சின்னப் பகுதி வேலை செய்யவில்லை. அதன் வாசலில் ஒரு ரெசிஸ்டர் கருகிப்போய் உட்கார்ந்திருந்தது. ஒரு ரூபாய்ச் சாமான். கருகியதில் அதன் வண்ணப் பட்டைகளும் போய்விட்டன. என்ன மதிப்பு என்று தெரியாது. அதற்கு அடுத்து எட்டுக் கால் ஐசி (சிப்) ஒன்று. அதன் முதுகிலிருந்த எழுத்தை யாரோ வேலை மெனக்கெட்டுச் சுரண்டியிருந்தார்கள். தேய்ந்து போனதில்லை, பட்டறைக் கல்லில் தேய்த்த கோடு லென்ஸில் தெரிந்தது. ஐசியின் பெயர் தெரிந்தால் அதன் டேட்டாஷீட்டை, அதாவது அதைச் செய்தவர்கள் வெளியிடும் விவரத்தாளை, எடுத்துப் பார்த்து மற்றதை ஊகித்துவிடலாம். அந்த வழியையும் அடைப்பதற்குத்தான் அந்தச் சுரண்டல்.

பிறகு என்ன செய்தேன் என்றால், போர்டைத் திருப்பி எட்டுக் கால்களும் எங்கெங்கே போகின்றன என்று பார்த்தேன். ஒரு பக்கத்து நான்கு கால்களும் ஒன்றாக இணைந்திருந்தன. எதிர்ப்பக்கம் முதலிரண்டு கால்கள் ஒன்றாக இருந்தன. அது வைப்பர்12ஏ குடும்பத்து ஐசியின் அடையாளம். ரெசிஸ்டருக்கு ஊத்தங்கரையில் இருக்கும் ஒரு நண்பர் உதவினார். அதே மாடல் போர்டு ஒன்று அவரிடம் இருந்தது, வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினார். சிவப்பு, சிவப்பு, கறுப்பு. 22 ஓம். இரண்டையும் மாற்றியதும் டிஸ்ப்ளே வந்தது, பால் பொங்கியது, உறவினருக்குச் சந்தோஷம். ஆனால் அந்த இரண்டு விவரங்களும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்து வரைபடமாக இருக்கின்றன. அந்த ஒரு பக்கம் கையில் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலைக்கு ஒரு வாரம் பிடித்தது. ஊத்தங்கரை நண்பரிடம் அந்த மாடல் இல்லாமல் இருந்திருந்தால் அடுப்பு போச்சம்பள்ளிச் சந்தைக்கு வரும் பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பை நீங்கள் வாங்கவில்லை, அதை எதற்கு எங்களிடம் சொல்கிறாய் என்று கேட்கலாம். சரி, நீங்கள் வாங்குவதைச் சொல்கிறேன்.

தெருவிளக்கு. சோடியம் விளக்குக் காலத்தில் சோக், இக்னிட்டர், பல்பு என்று மூன்றும் தனித்தனி. எது போனதோ அதை மட்டும் மாற்றினார்கள், கம்பத்தில் ஏறுகிறவருக்கே அது தெரியும். எல்இடி வந்தபிறகு மின்சாரம் மிச்சமாகிறது, அதில் சந்தேகமில்லை, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் ஒரு பெரிய இடிக்குப் பிறகு வரிசையாக அணைந்துபோகும் விளக்குகளில் பலவற்றில் எல்இடி நன்றாகத்தான் இருக்கிறது. எல்இடிக்கு வேண்டிய கரண்ட்டைக் கொடுக்கும் டிரைவர் என்கிற சின்னப் பெட்டிக்குள் வேரிஸ்டர் ஒன்று வெடித்து, கூடவே ஃபியூசும் போயிருக்கும். பார்க்க மாத்திரை மாதிரி நீலமாக இருக்கும், 471 என்று எழுதியிருக்கும். மின்னழுத்தம் எகிறும்போது தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அதாவது அது வெடித்திருந்தால் விளக்கு பிழைத்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். டிரைவரைத் தனியாகக் கழற்ற முடிந்து, மாற்று டிரைவரும் கிடைத்தால் அங்கேயே முடிகிற வேலை. மொத்தமாகச் சீல் வைத்து, டிரைவருக்கு எந்த விவரமும் ஒட்டாமல் வாங்கினால், விளக்கு முழுவதும் குப்பை.

ஃபேன். நாளைக்கு அரசு மறுபடி மின்விசிறி வாங்கினால் அது பிஎல்டிசி ஃபேனாகத்தான், அதாவது கார்பன் பிரஷ் இல்லாமல் எலக்ட்ரானிக் போர்டால் ஓடும் டிசி மோட்டார் ஃபேனாகத்தான் இருக்கும். வாங்க வேண்டியதும் அதைத்தான். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் பக்கம்தான் இழுக்கிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம் என்பதும் நல்ல காரியம். ஆனால் அந்த லேபிள் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதை மட்டும் சொல்கிறது, கெட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்வதில்லை. பழைய ஃபேனுக்கு எந்தக் கடைக் கப்பாசிட்டரும் பொருந்தும். பிஎல்டிசி ஃபேனுக்குள் இருக்கும் போர்டு அந்தந்தக் கம்பெனிக்கு, அந்தந்த மாடலுக்கு மட்டும். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றால் மோட்டாரும் இறக்கையும் நன்றாக இருந்தும் ஃபேன் செத்தது செத்ததுதான்.

மடிக்கணினி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். 20 லட்சம்! உலகத்தில் எத்தனை கம்பெனிக்கு ஒரே ஆளிடமிருந்து இவ்வளவு பெரிய ஆர்டர் வரும்? அவ்வளவு பெரிய வாங்குகிறவர் "பேட்டரியை ஒட்டாமல் திருகாணி போட்டுக் கொடு, சார்ஜர் குத்தும் இடத்தைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி செய், வரைபடம் வெளியிடு" என்று சொன்னால் எந்தக் கம்பெனி முடியாது என்று சொல்லும்? ஒரு நுகர்வோராக நான் அதே கம்பெனிக்கு மெயில் போட்டால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மெஷின் பதில் அனுப்பும். உங்கள் கையிலிருக்கும் பலம் எங்கள் யாரிடமும் இல்லை. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

எங்கள் ஊர் நிலவரத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும், விவரக்குறிப்பு எழுதும் ஏசி அறைக்கு அது எட்டாது. போர்வெல் மோட்டார் ஓடும் நேரத்தில் லைன் கடைசியில் இருக்கும் ஊர்களில் 230 வர வேண்டிய இடத்தில் 170, 180 வோல்ட் வரும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நியூட்ரல் கழன்றுவிட்டால் அதே வீட்டில் 230 என்பது ஏறிக்கொண்டே போய் 400-ஐ நெருங்கும். அன்றைக்கு அந்தத் தெருவில் டிவி, பல்பு, செட்டாப் பாக்ஸ் எல்லாம் மொத்தமாகப் படுக்கும். ஏப்ரல், மே வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற போர்டில் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் மண்டை வீங்கி நிற்கும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பாலபாடம். பல்லி வேறு. கதகதப்புக்காக இன்வெர்ட்டருக்குள்ளும் அடுப்புக்குள்ளும் நுழைந்து இரண்டு முனைக்கு நடுவில் படுத்து, தானும் செத்துச் சாமானையும் சாகடிக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து ஓடு கட்டும். ஒகேனக்கல் தண்ணீர் 2013-க்குப் பிறகு குடிக்கக் கிடைக்கிறது, ஆனால் ஹாஸ்டல் கீசருக்குப் பல இடங்களில் இன்னும் போர்வெல்தான். இந்த மாதிரி இடத்தில் மின்சாதனம் கெடுவதைத் தடுக்க முடியாது. கெட்டால் அங்கேயே சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கம்பெனிக்காரர்கள் மறுப்பார்கள், டெண்டர் முன்கூட்டத்தில் வரிசையாக எழுந்து பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்பதும் ஏறக்குறைய தெரியும்.

பாதுகாப்பு என்பார்கள். சாதாரண ஆட்கள் திறந்தால் ஷாக் அடிக்கும் என்பார்கள். அடிக்கும்தான். 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் கப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். அதை ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் போர்டைத் தொடக் கூடாது என்பதைத்தான் எங்களிடம் வரும் பையன்களுக்கு முதல் பாடமாகச் சொல்கிறோம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்க வேண்டும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மரால் மெயின் லைனிலிருந்து பிரிந்த பகுதியில் அது காப்பாற்றாது, அந்தக் கப்பாசிட்டரிலும் காப்பாற்றாது என்றும் சொல்கிறோம். மைக்ரோவேவ் அவனை நான் தொடுவதில்லை, உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ பிரிக்கவோ யாரையும் விடுவதில்லை. இலவச டிவி காலத்து பிக்சர் டியூப் இன்றும் எங்காவது வரும், அதையும் பழகாதவர் திறக்கக் கூடாது. இவ்வளவும் சரி. ஆனால் வரைபடம் கொடுக்காவிட்டால் யாரும் திறக்க மாட்டார்கள் என்று நினைப்பது வெகுளித்தனம். திறக்கத்தான் செய்வார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு திறப்பார்கள். எந்த இடத்தில் 325 வோல்ட் நிற்கும் என்று காட்டுவதே அந்த வரைபடம்தான். பாதுகாப்பு பற்றி உண்மையிலேயே கவலைப்படும் கம்பெனி அந்தப் படத்தைச் சிவப்பு மையில் அச்சடித்து மூடிக்குள் ஒட்ட வேண்டும்.

காப்பியடித்துவிடுவார்கள் என்பார்கள். காப்பியடிக்கிற இன்னொரு கம்பெனிக்கு இந்த வரைபடம் எதற்கு? ஒரு சாமானை வாங்கி, போர்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் படம் எடுத்துவிடும் வசதி அவர்களிடம் இருக்கிறது. எழுத்தைச் சுரண்டிய ஐசி அவர்களைத் தடுக்காது, என்னையும் ஊத்தங்கரைக்காரரையும்தான் தடுக்கும். சாஃப்ட்வேரின் மூலக்குறியீட்டை யாரும் கேட்கவில்லை. எந்த இடத்தில் என்ன பாகம், என்ன மதிப்பு, சோதனை முனைகளில் எத்தனை வோல்ட் வர வேண்டும், இவ்வளவுதான் கேட்கிறோம். அந்தக் கால வால்வு ரேடியோக்கள் பலவற்றில் இந்தப் படத்தைப் பின்பலகையிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள். அதனால் எந்த ரேடியோ கம்பெனியும் கெட்டுப்போகவில்லை.

விலை கூடும் என்பார்கள். வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாமல் போர்டு செய்ய முடியாது. அதை ஒரு பிடிஎஃப் கோப்பாக வெளியிட என்ன செலவு? உதிரிபாகத்தை இருப்பில் வைக்கச் செலவு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறைந்த விலைக்காரருக்குத்தான் ஆர்டர் என்கிற உங்கள் முறையில், எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்றால் யாருக்கும் பாதகமில்லை. வாரண்டி காலத்தில் வெளியார் கை வைக்கக் கூடாது என்று அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. வாரண்டி முடிகிற நாளில் ஆவணம் தானாக வெளியாகிற மாதிரி, சப்ளை செய்யும்போதே உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். எனக்கு இது முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை.

இதெல்லாம் உலகத்தில் இல்லாத ஆசை இல்லை. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் செல்போன், மடிக்கணினி, டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் பத்துக்கு எவ்வளவு என்று விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே போடத் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே ஆண்டு மார்ச் முதல் வாஷிங் மெஷினுக்கு 10 ஆண்டு உதிரிபாகம் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் தொடங்கியது. செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு கொண்டுவருவது பற்றி அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. நல்லது, வரட்டும். ஆனால் அது கம்பெனிகள் தாமாக முன்வந்து விவரம் போடுகிற ஏற்பாடாகவே இதுவரை இருக்கிறது. நீங்கள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1998-ல் வந்த நம் மாநில டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் நீங்கள் என்ன விலைக்கு, யாரிடம் வாங்கினீர்கள் என்பது வெளியே தெரிகிறது. வாங்கியதற்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியட்டும்.

இன்னொரு விஷயம், இது கோரிக்கையில் சேராது, மனத்தில் இருப்பதால் சொல்கிறேன். விடியற்காலையில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ் புறப்படுகிறது. பெரும்பாலும் இருபது வயதுப் பெண்பிள்ளைகள். ராயக்கோட்டை வழியாக ஓசூர்ப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்குப் போகிறார்கள். என் அக்கா மகளும் ஒருத்தி. எறும்பு அளவு கப்பாசிட்டர் உட்காரும் போர்டுகளை நாள் முழுவதும் லென்ஸ் வைத்துப் பார்த்து, சால்டர் சரியில்லாததைத் தள்ளிவைப்பது அவள் வேலை. "மாமா, எங்க லைன்ல ஒரு போர்டு ஃபெயில் ஆனா அஞ்சு நிமிஷத்துல எந்த பாகம்னு ஸ்கிரீன்ல காட்டிடும்" என்றாள். அதே பிள்ளை வீட்டுக்கு வந்தால் அவள் வீட்டு டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் திரைக்குள் படம் மங்கலாக ஓடுவது தெரிகிறது. திரைக்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட் பட்டைதான் போயிருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மாடலுக்குப் பட்டை எந்த எண், எத்தனை வோல்ட் என்பதற்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் பழைய பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டியிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கும் சென்னை ரிச்சி தெரு எங்களுக்குத் தூரம். பாலக்கோட்டில் ரயிலேறினால் ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்விடலாம் என்பதுதான் ஆறுதல். போர்டு செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போர்டுக்கு விவரம் கிடைக்கவில்லை.

சரி, பத்தியில் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். சட்ட வாசகத்தை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். சப்ளை செய்கிறவர் ஒவ்வொரு மாடலுக்கும் முழு சர்க்யூட் வரைபடம், பாகங்களின் மதிப்போடு கூடிய பட்டியல், சோதனை முனை வோல்ட்டேஜ்கள், கழற்றும் முறை ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். அவற்றை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்கிற மாதிரி துறையின் தளத்தில் போட வேண்டும். எந்த ஐசியின் பெயரையும் அழிக்கக் கூடாது. கெட்டுப்போகும் என்று தெரிந்த பாகங்களைத் திருகாணியாலும் சாதாரண கனெக்டராலும் பொருத்த வேண்டும், பசையால் ஒட்டக் கூடாது. அதாவது பேட்டரி, ஃபியூஸ், வேரிஸ்டர், டிரைவர், சார்ஜர் சாக்கெட், சுவிட்ச். கடைசி சப்ளைக்குப் பிறகு 7 ஆண்டுகள் போர்டும் பாகமும் வெளியாருக்கும் அச்சிட்ட விலைக்குக் கிடைக்க வேண்டும். எரர் கோடுகளின் பொருளை மூடியின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். இப்போது ஒரு கம்பெனி அடுப்பில் ஈ1 என்றால் பாத்திரம் இல்லை என்று அர்த்தம், இன்னொன்றில் வோல்ட்டேஜ் குறைவு என்று அர்த்தம், கூத்துதான்.

அப்புறம், இந்த ஆவணங்களில் ஒரு படியை அரசு ஐடிஐகளுக்கும் அனுப்புங்கள். எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகள் பயிற்சிக்கென்றே செய்த பலகையில் பழகுகிறார்கள். ஊரில் உண்மையில் கெடுகிற சாமானின் படமும், கூடவே மாவட்டத்துக்குக் கொஞ்சம் செத்த போர்டுகளும் அவர்கள் கைக்குப் போனால் வேலையை வேலையாகவே கற்பார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி அந்தப் போர்டுகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது தெரியும். கணக்கு எழுத எனக்குத் தெரியும், என் பகல் வேலையே அதுதான்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் தெருவிளக்கில் தொடங்குங்கள். அதற்கு யார் வீட்டுக்குள்ளும் போக வேண்டியதில்லை, பாகமும் குறைவு. அடுத்த டெண்டர் முன்கூட்டத்தில் கம்பெனிக்காரர்கள் "இது நடைமுறையில் சாத்தியமில்லை" என்று எழுந்தால், எங்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய விளக்கையே அவர்கள் முன்னால் பிரித்து, வேரிஸ்டரை மாற்றி எரியவைத்துக் காட்டுகிறோம். பஸ் காசு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், போச்சம்பள்ளிச் சந்தைக்குப் பழைய போர்டு பார்க்கப் போகிற நாள்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வீட்டு ரிப்பேர்க்காரன்